பூரணமான தகவல்

பாதை அக்கரையில் நின்றது. வாவியைக் கடந்து சனத்தையும் சைக்கிள்களையும் வாகனங்களையும் ஏற்றி இறக்குகிற அந்தத் தட்டையான இரும்புத் தெப்பத்துக்கு மட்டக்களப்பில் பாதை என்றுதான் பேர். இப்போது அது எழுவான்கரையில், ஆமியின் காவலரணான சென்ரிக்குக் கீழே, மா மூட்டை லொறி ஒன்று பின்பக்கமாக ஏறி முடியுமட்டும் காத்துக்கொண்டு நின்றது. இந்தக் கரையில், இயக்கத்தின் கையில் இருக்கிற படுவான்கரையில், போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவின் வெள்ளை ஜீப்புக்குள் மொழிபெயர்ப்பாளர் ஜெசிந்தா பின் சீற்றில் இருந்தாள். மணி மூன்று பத்து. கண்ணாடியை முழுக்க இறக்கியும் காற்றில்லை. முன் சீற்றில் எஸ்கில், டென்மார்க் பொலிசில் இருபது வருடம் இருந்துவிட்டு இங்கே வந்து ஒரே கிழமையான மனிதர், முழங்காலில் கொப்பியை வைத்துக் காலையில் நடந்த கூட்டத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். டிரைவர் சாமித்தம்பி அண்ணன் இறங்கி வாகை மரத்தடியில் வெற்றிலை மென்றுகொண்டு நின்றார். காலையில் இயக்கப் பொறுப்பாளர் ஏன் சிரித்தார், என்று ஜெசிந்தா நினைத்தாள். மனதுக்குள்ளும் அவர்தான், பொறுப்பாளருக்கு முப்பது வயதுகூட இராது, இவளுக்கு நாற்பத்திரண்டு, முன்பு பள்ளிக்கூடத்தில் அவள் படிப்பித்த பெடியன்களின் வயது, ஆனாலும் மனதுக்குள்கூட ‘அவன்’ என்று வரவில்லை, யாரோ கேட்டுவிடுவார்கள் என்பதுபோல. ஏன் சிரித்தார். பல் தெரியச் சிரிக்கவில்லை. வாயின் ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் ஏறி இறங்கியது. தேத்தண்ணி சுட்டிருக்கலாம். இல்லை, அவர் தேத்தண்ணியைத் தொடவேயில்லை, கிளாசின் மேல் ஆடை படர்ந்து கிடந்ததை இவள் பார்த்துக்கொண்டே இருந்தாளே. பிறகு ஏன்.

முதலிலிருந்து வருவோம், என்று தனக்குத்தானே சொன்னாள், வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல. பொறுப்பாளரின் அலுவலகம். நீல பிளாஸ்டிக் மேசை. கறண்ட் இல்லாமல் நின்றுபோன காற்றாடி. எஸ்கில் கேட்டார், இந்தப் பகுதியில் பதினெட்டு வயதுக்குக் குறைந்த ஒரு பெண்பிள்ளை உங்கள் ஆட்களால் கொண்டுபோகப்பட்டதாக முறைப்பாடு வந்திருக்கிறது, அந்தப் பிள்ளை எங்கே? அதை அவள் அப்படியே தமிழில் சொன்னாள். பொறுப்பாளர் செம்பரிதி, இயக்கம் வைத்த பேர், அமைதியாகச் சொன்னார்: “அப்பிடி ஒரு புள்ளையும் எங்களிட்ட இல்ல அக்கா. பேர் ஊர் ஒண்டும் இல்லாம நாங்க ஆரையெண்டு தேடுற? விபரத்தச் சொல்லச் சொல்லுங்க.” அதையும் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த இடத்தில்தான் எஸ்கில் பைலைத் திறந்தார். மட்டையின் மேல் சிவப்பு மையில் ரகசியம் என்று போட்டிருந்தது, அதைப் பார்த்தாரா பார்க்கவில்லையா தெரியாது, நேர்மையான மனிதர், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகியவர், விரலை வரியில் வைத்து, விபரம் இருக்கிறது, தாய் பூரணம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னார். பூ-ரா-னாம். அந்த ஒரு சொல் மேசையில் விழுந்தது. மற்ற எல்லாச் சொல்லும் இவள் வாய் வழியாகத்தான் அந்தப் பக்கம் போகவேண்டும், பேருக்கு மட்டும் மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம். அவள் வாய் தானாகவே திறந்தது: “தகவல் இன்னும் பூரணமாக் கிடைக்கல்ல எண்டு சொல்றார்.” சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. பேரைப் பேராக விடாமல் வெறும் சொல்லாக்கி விழுங்கிவிட்டாள். கெட்டிக்காரி, என்று ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது. அப்போதுதான் செம்பரிதி அவளைப் பார்த்தார். “பூரணமாக் கிடைக்கல்லையா?” என்றார். சிரித்தார். “சரிக்கா. பூரணமாக் கிடைச்சா வாங்க.” எஸ்கிலின் முகம் இவள் பக்கம் திரும்பியிருந்தது, என்ன சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டு, இவள், விசாரித்துப் பார்ப்பதாகச் சொல்கிறார் என்றாள். அவர் தலையாட்டி ஒரு வரி எழுதினார். அதற்குப் பிறகு சென்ரியை இருநூறு மீற்றர் தள்ளிப் போட்ட பிரச்சினை, வரைபடம், நேரில் போய் அளவு, நாலு மணித்தியாலம்.

அவருக்கு ஆங்கிலம் தெரியுமா. அதுதான் கேள்வி. தெரியாது என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் எஸ்கில் காலையில் கைகொடுத்து வணக்கம் சொன்னபோது இவள் மொழிபெயர்க்க முதலே அவர் கதிரையைக் காட்டினாரே. கதிரையைக் காட்ட ஆங்கிலம் வேண்டாம். பேனை பிடித்திருந்தார், எழுதினாரா? இல்லை, பேனையின் மூடியைக் கழற்றினார், மூடினார், கழற்றினார். கடைசியாகப் பார்த்தபோது மூடி மேசையில் கிடந்தது. அப்படியென்றால் எழுதியிருக்கிறார். அல்லது எழுதப்போகிறார். படுவான்கரையில் எத்தனை பூரணம் இருப்பார்கள், ஊருக்கு இரண்டு பேர் என்று வைத்தாலும் நாற்பது, அதில் பதினைந்து வயதுப் பெண்பிள்ளையைப் பறிகொடுத்த பூரணம் எத்தனை. ஒரே ஒருத்தியாகத்தான் இருக்கவேண்டும் என்று இல்லையே. அந்த எண்ணம் ஆறுதலாக வந்ததும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. இரண்டு கிழமைக்கு முதல் அந்தப் பூரணம் டவுன் அலுவலகத்துக்கு வந்தாள். முதல் பஸ்சில் வந்து, பாதை ஏறி, மறுபடி பஸ் ஏறி, கதவு திறக்குமுன் வாசலில் நின்றாள். ஊர் மருதஞ்சேனை. ஒல்லியான மனிசி, வயது இவள் வயதுதான் இருக்கும், மிஸ், மிஸ் என்றாள். கோயில் திருவிழாவுக்குப் போய்த் திரும்பி வந்த வழியில் மகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பேர் தயாளினி. பள்ளிக்கூடப் படத்தை வெட்டி அதில் அவள் தலையை மட்டும் கொண்டுவந்திருந்தாள், பக்கத்துப் பிள்ளையின் தோள்மூட்டு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. கண்காணிப்புக் குழுவில் சேர்ந்தபோது பயிற்சியில் சொல்லித்தந்தார்கள், அவர் சொல்கிறார் அவ சொல்றா என்று மொழிபெயர்க்கக் கூடாது, நான் என்றே சொல்லவேண்டும். அதனால் ஜெசிந்தா எஸ்கிலுக்கு முதல் இருந்த வெள்ளைக்காரர் முன்னால் இருந்து ஆங்கிலத்தில், நான் இவளை ஏழாம் மாசத்தில் பெத்தனான், பஞ்சில் சுத்தி வளர்த்தனான் என்று சொன்னாள், பிள்ளை பெறாத ஜெசிந்தா, நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். எழும்பிப் போகும்போது பூரணம் மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி இவள் மணிக்கட்டைப் பிடித்தாள். “என்ட பேரச் சொல்லிராதீங்க மிஸ். மற்றப் புள்ளயும் இரிக்கி.” பிடி இறுக்கமாக இருந்தது. சொல்லமாட்டம், என்றாள் ஜெசிந்தா. மாட்டம். எத்தனை பேர் அந்த ‘மாட்டம்’ இல், இவள், எஸ்கில், எஸ்கிலுக்கு முதல் இருந்து போனவர், அலுவலகத்தில் பைல் அடுக்குகிறவர், டென்மார்க்கில் யாரோ.

பாதை அக்கரையை விட்டுக் கிளம்பியது. இழுக்கிற எஞ்சின் சத்தம் தண்ணீருக்கு மேலாக முதலில் வந்தது. சாமித்தம்பி அண்ணன் ஜீப்படிக்கு வந்து, “வருகுது புள்ள. லொறிக்காரன் ஒருபடியா ஏத்திட்டான்” என்றார். அவள் தலையாட்டினாள். இன்னும் இருபது நிமிடம். இது வந்து, லொறி இறங்கி, ஜீப் ஏறி, திரும்பி அக்கரைக்குப் போய்விட்டால் பிறகு டவுன், வீடு, புருசன் ரொபேட் தபால் கந்தோரால் வந்து சேட்டைக் கழற்றி ஆணியில் கொளுவிவிட்டுக் கேட்பான், இண்டைக்கு என்ன நடந்த? ஒண்டுமில்ல. அவன் இந்த வேலையை விடச் சொல்லி ஆறு மாதமாகச் சொல்கிறான். வெள்ளைக்காரனுக்கு ஆறு மாசம் முடிஞ்சா விமானம் இரிக்கி ஜெசி, நீ ஒரு சொல்லுப் பிழைச்சாலும் நம்மட படலைக்குத்தான் ஆள் வரும் என்பான். எந்தப் பக்கத்து ஆள் என்று சொல்லமாட்டான், சொல்லத் தேவையுமில்லை. படலை. இரவில் படலையை யாரும் தட்டமாட்டார்கள், பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஜெசிந்தா அக்கா, ஒருக்கா வந்துட்டுப் போங்க. அந்தக் குரலை அவள் இப்போதே கேட்டாள், வெயிலில், ஜீப்புக்குள். சிரிப்புக்கு அதுதான் அர்த்தமா, நீ பொய் சொன்னது எனக்குத் தெரியும் என்று. அவள் சொன்னது பொய்யா. தொண்ணூறாம் ஆண்டில் தம்பி அல்பிரட்டைச் சுற்றிவளைப்பில் ஆமி பிடித்துக்கொண்டு போனபோது அம்மாவோடு முகாம் வாசலுக்குப் போனவள் இவள்தான், வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவள் இவள்தான். அம்மா வாசலில் நின்று அதிகாரியைப் பார்த்து நாசமாப் போவாய், உன்ட வயித்தில புழுப் பத்தும் என்று மண்ணை வாரி எறிந்து கத்தினாள். அதிகாரி இவளைப் பார்த்தான், உன் தாய் என்ன சொல்கிறாள்? இவள் சொன்னாள், அம்மா தயவாகக் கேட்கிறா சேர், தம்பியை ஒருக்காப் பார்க்கவேணுமாம். அப்படி ஒரு பேர் இங்கே இல்லை என்றான் அவன். அப்படி ஒரு புள்ளையும் இல்லை. அம்மா சாகும்வரை கேட்டாள், நான் ஏசினதை அவனிட்டச் சரியாச் சொன்னயா மகள்? சொன்னன் அம்மா. எல்லாம் சொன்னன். இருபத்தெட்டு வயதிலிருந்து இவள் செய்துவருவது இதுதான், யாரோ சொன்னதை இன்னொருவருக்குத் தாங்கக்கூடிய மாதிரி மாற்றிச் சொல்வது. அதற்காகத்தான் சம்பளமும் தருகிறார்கள் என்று சிலநேரம் நினைத்துக்கொள்வாள்.

பாதை நடு வாவிக்கு வந்துவிட்டது. லொறியின் முன்கண்ணாடியில் வெயில் பட்டு மின்னியது. எஸ்கில் கொப்பியை மூடி, பின்னால் திரும்பி, இன்றைக்கு நல்லபடியாகப் போனது, இல்லையா என்று கேட்டார். நல்ல மனிதர். கன்னம் இரண்டும் வெயிலில் சிவந்து தோல் உரிந்திருந்தது. ஓம் என்றாள். சொல்லிவிடலாமா, நீங்கள் பேரைச் சொல்லிவிட்டீர்கள் என்று. சொன்னால் என்ன செய்வார், உடனே ஜீப்பைத் திருப்பச் சொல்வார், மருதஞ்சேனைக்கு விடு, அந்தத் தாயை நான் எச்சரிக்கவேண்டும் என்பார், கொடி பறக்கிற வெள்ளை ஜீப் பூரணத்தின் படலையில் போய் நிற்கும், அதோடு ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். சிரித்தவருக்குக்கூடச் சந்தேகம் தீர்ந்துவிடும். அப்படியானால் சொல்லாமல் விடுவதா. வேறு யாரிடமாவது சொல்லி அனுப்புவதா, யாரிடம், துறையில் மீன் பெட்டியோடு நிற்கிற இந்த மனிதரிடமா, இவர் யாருடைய ஆள். ஒன்றும் நடக்காது. பூ-ரா-னாம் என்று சொன்னால் யாருக்குத்தான் விளங்கும், பூராணம், புராணம், பாண் போறணை. ஒன்றும் நடக்காது என்று சொல்லச் சொல்ல மணிக்கட்டில் அந்தப் பிடி இறுகிக்கொண்டு வந்தது. மற்றப் புள்ளயும் இரிக்கி. பாதை இந்தக் கரையில் வந்து முட்டியது, பலகை போட்டார்கள், லொறி உறுமிக்கொண்டு இறங்கியது. சாமித்தம்பி அண்ணன் ஜீப்பை ஸ்டார்ட் பண்ணினார். ஜெசிந்தா கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். கால் மண்ணில் பட்ட பிறகுதான் இறங்கியிருக்கிறோம் என்று தெரிந்தது. எஸ்கிலிடம் சொன்னாள், எனக்கு இந்தப் பக்கத்தில் ஒரு சொந்தக்காரர், சுகமில்லாமல் இருக்கிறா, ஒரு மணித்தியாலத்தில் வந்துவிடுவேன், கடைசிப் பாதை ஆறு மணிக்குத்தானே. அவர் யோசித்தார், தனியாகப் போகவிடக் கூடாது என்பது விதி, மணிக்கூட்டைப் பார்த்தார், பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு மணித்தியாலம், என்றார். சாமித்தம்பி அண்ணன் தேத்தண்ணிக் கடைக்காரியிடம் போய், “புள்ளைக்குச் சைக்கிள ஒருக்காக் குடு” என்று மட்டும் சொன்னார். ஜெசிந்தா கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றிச் சீற்றில் போட்டுவிட்டு ஏறி மிதித்தாள்.

பாவாடை செயினில் சிக்கப் பார்த்தது, ஒரு கையால் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். கிரவல் ரோட்டு, இரண்டு பக்கமும் அறுத்த வயல், தூரத்தில் மாடுகள். மிதிக்க மிதிக்க மனம் அடங்கும் என்று நினைத்தாள், அது காலோடு சேர்ந்து ஓடியது, சிரித்தார், எழுதினார், சிரித்தார், எழுதினார். எதிரே மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள், இயக்கத்தின் வரிச்சட்டை இல்லை, ஆனாலும் பின்னால் இருந்தவன் திரும்பிப் பார்த்தான். அவர்கள் மருதஞ்சேனைப் பக்கமிருந்துதான் வருகிறார்கள். முடிந்துவிட்டதா. காலையில் பத்து மணிக்குச் சொன்ன பேர், இப்போது நாலு மணி, ஆறு மணித்தியாலம் போதாதா. வீட்டு வாசலில் சனம் கூடி நிற்கும், உள்ளே யாரோ அழுவார்கள், இவள் சைக்கிளோடு நிற்பாள், நீங்க ஆரு என்று கேட்பார்கள், அதற்கு எந்தப் பாசையில் பதில் சொல்வது. மோட்டார் சைக்கிளின் புழுதி மூக்கில் ஏறியது. இந்தப் பக்கத்தில் யாரையும் விசாரிக்கக் கூடாது, வீடு தெரியும், முறைப்பாட்டில் எழுதியதே இவள்தானே, வாசிகசாலை தாண்டி மூன்றாவது வளவு, மதில் இல்லை, கம்பி வேலி, படலையில் நீலப் பெயின்ற். எழுதும்போது கடகடவென்று எழுதினாள், இப்போது அந்த ஒவ்வொரு சொல்லும் வழி காட்டியது, இவளுக்குக் காட்டுகிற வழி மற்றவனுக்கும் காட்டும். நீலப் படலை. வாசலில் ஒருவரும் இல்லை. சைக்கிளை வேலியில் சாத்தினாள்.

பூரணம் கிணற்றடியில் உடுப்புக் கழுவிக்கொண்டிருந்தாள், ஒரு பள்ளிக்கூடக் காற்சட்டையைக் கல்லில் அடித்துக்கொண்டு. நிமிர்ந்து பார்த்தாள், ஆளைப் பிடிபடக் கொஞ்ச நேரம் எடுத்தது, பிறகு காற்சட்டை கையிலிருந்து விழுந்தது. “என்ட புள்ளைக்கு என்ன மிஸ்?” “ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல, அதுக்கு வரல்ல” என்று ஜெசிந்தா அவசரமாகச் சொன்னாள், பிறகு மூச்சு வாங்க வாங்க, காலையில் கூட்டத்தில் அவள் பேர் வெளியே வந்துவிட்டதையும், தான் மறைக்கப் பார்த்ததையும், செம்பரிதி சிரித்ததையும் சொன்னாள். இரண்டு நாளைக்காவது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது போய் இரிங்க என்றாள். பூரணம் கேட்டுக்கொண்டே நின்றாள். ஈரக் கையைச் சீத்தைத் துணியில் துடைத்தாள். “அவருக்கு என்ட பேர் தெரியாதா மிஸ்? அந்தக் கந்தோருக்கு நான் அஞ்சு தரம் போய் வந்திட்டன். வாசல்ல கிடந்தன். இந்தப் படத்தில ஒண்டு அவர்ட மேசையிலயே இரிக்கி. உங்களிட்ட வந்ததும் தெரியும், ஏசினாங்க. ஏசட்டும். இனி என்னத்த எடுக்கப்போறாங்க.” ஜெசிந்தாவுக்கு விளங்கவில்லை. “அப்ப, பேரச் சொல்லாதீங்க எண்டு…” “ஆமிக்கு மிஸ். மகன் ஒவ்வொரு நாளும் பாதையால டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போய் வாறான். அக்காக்காரி இயக்கத்தில எண்டு சென்ரியில தெரிஞ்சா அவன விடுவாங்களா? அதுக்குத்தான் சொன்ன.” யாருக்குச் சொல்லக் கூடாது என்று அன்றைக்கு ஜெசிந்தா ஒரு சொல் கேட்டிருக்கலாம். ஒரே ஒரு சொல். கேட்கவில்லை, ஏனென்றால் தனக்குத் தெரியும் என்று நினைத்தாள். முறைப்பாட்டுத் தாளின் கீழே இரண்டு பெட்டி இருக்கும், இந்தத் தரப்புக்குத் தெரிவிக்கக் கூடாது, அந்தத் தரப்புக்குத் தெரிவிக்கக் கூடாது என்று, அதில் இயக்கப் பெட்டிக்கு மட்டும் சரி போட்டுவிட்டு ஆமிப் பெட்டியை வெறுமையாக விட்டது இவள் கைதான், இப்போது அந்த வெறும் பெட்டி கண்ணுக்கு முன் வந்து நின்றது. வியாழக்கிழமைதான் அடுத்த கூட்டம், ஆமி அதிகாரி வருவார், இன்றைக்குச் செவ்வாய், மூலத்தாள் இன்னும் அலுவலக மேசை லாச்சியில்தான் கிடக்கிறது. நாளைக்குக் காலையில் முதல் வேலை. “அத நான் பாக்கிறன். ஒருத்தருக்கும் போகாது” என்றாள், இந்த முறை ‘மாட்டம்’ என்று சொல்லவில்லை. பூரணம் தலையாட்டினாள். விழுந்த காற்சட்டையை எடுத்து மண்ணை உதறினாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள், “அது சரி மிஸ். புள்ளையப் பத்தி அவர் என்ன சொன்ன?”

காலையிலிருந்து ஜெசிந்தா நினைக்காத ஒன்று அதுதான். சிரிப்பை நினைத்தாள், பேனையை, மூடியை, தேத்தண்ணி ஆடையைக்கூட நினைத்தாள். பிள்ளையைப் பற்றி என்ன சொன்னார். முதலில் இல்லை என்றார், பிறகு பூரணமாக் கிடைச்சா வாங்க என்றார். அப்படிச் சொல்ல வைத்தது யார். ஒருவர் கேட்ட கேள்வியை, நாலு கடல் தாண்டி வந்து ஒருவர் கேட்ட அந்த ஒரே கேள்வியை, நடுவில் இருந்து மூடிவிட்டது யார். சிரித்தவருக்குப் பூரணத்தையும் தெரியும், பிள்ளையையும் தெரியும், பேர் சொல்லியே கேட்கிறார்களே என்று ஒரு கணம் பதில் தேடியிருப்பார், அப்போதுதான் இவள் வழி விட்டாள், இந்தாங்க, தகவல் போதாது என்று சொல்லிவிடுங்கள் என்று. சிரிக்காமல் என்ன செய்வார். பூரணம் இன்னும் பார்த்துக்கொண்டு நின்றாள். இதையும் மாற்றிச் சொல்லலாம். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார் என்று எஸ்கிலுக்குச் சொன்னதையே சொல்லலாம், தாங்கக்கூடிய மாதிரி. “அவரிட்டச் சரியாக் கேக்கல்ல,” என்றாள் ஜெசிந்தா. “வெள்ளைக்காரர் கேட்டவர். நான்தான் இடையில கெடுத்துப்போட்டன். பேர மறைக்கிறன் எண்டு கேள்வியையும் மறைச்சுப்போட்டன்.” பூரணம் ஏசவில்லை. நிலத்தைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள். கிணற்றுக் கட்டில் காகம் ஒன்று வந்து இருந்து சவர்க்காரத்தைக் கொத்திப் பார்த்தது, அதை அவள் துரத்தவும் இல்லை. பிறகு, “அவர்ட கந்தோர் அஞ்சரை மட்டும் திறந்து கிடக்கும் மிஸ்” என்றாள்.

திரும்பி எப்படி மிதித்தாள் என்று அவளுக்குத் தெரியாது. துறையில் எஸ்கில் ஜீப்புக்கு வெளியே நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொந்தக்காரர் எப்படி என்று கேட்டார். சொந்தக்காரர் இல்லை, என்றாள், காலையில் நான் இரண்டு இடத்தில் பிழையாக மொழிபெயர்த்தேன். எல்லாவற்றையும் சொன்னாள், நின்ற நிலையில், வியர்வை கண்ணுக்குள் இறங்க இறங்க. அவர் நடுவில் ஒருமுறை மட்டும் கேட்டார், நான் பேரைச் சொன்னேனா? சொன்னீர்கள். அவர் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார், அங்கே ஏதோ எழுதியிருப்பதுபோல. இதை நான் அறிக்கையில் எழுதவேண்டி வரும் என்றார், உங்களுடையதையும், என்னுடையதையும். எழுதுங்கள் என்றாள் அவள். வேலை போகலாம், ரொபேட் சந்தோசப்படுவான், அந்த எண்ணம் வந்த வேகத்திலேயே போனது. மணி ஐந்து. பாதை இந்தக் கரையில்தான் நின்றது, பலகை போட்டுத் தயாராக. சாமித்தம்பி அண்ணன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஏத்தவா, திருப்பவா?” என்றார். எஸ்கிலுக்கு அது விளங்கவில்லை, ஆனாலும் கையால் காட்டினார், திருப்பு.

செம்பரிதி கதவைப் பூட்டப்போகிற நேரம். இவர்களைக் கண்டதும் உள்ளே போய் மேசைக்குப் பின்னால் இருந்தார், காலைத் தேத்தண்ணிக் கிளாஸ் இன்னும் எடுபடாமல் இருந்தது. எஸ்கில் ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஜெசிந்தா ஒரு சொல்லையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மருதஞ்சேனைப் பூரணத்தின் மகள் தயாளினி, வயது பதினைந்து, உங்களிடம் இருக்கிறாளா, எங்கே இருக்கிறாள். செம்பரிதி எஸ்கிலைப் பார்க்கவில்லை. “இது ஆர்ட கேள்வி அக்கா?” என்று அவளைக் கேட்டார். அதை அவள் எஸ்கிலுக்கு மொழிபெயர்க்கவேண்டும், அவர் பதில் சொல்லவேண்டும், பிறகு இவள் அதைத் தமிழில் சொல்லவேண்டும், அதுதான் ஒழுங்கு. படலையில் கூப்பிடுகிற குரல் ஒருமுறை காதுக்குள் வந்து போனது. “தாய்ட கேள்வி” என்றாள். “அஞ்சு தரம் வந்து கேட்டவ. நாங்க இது ஆறாந்தரம்.” இந்த முறை அவர் சிரிக்கவில்லை. மேசை லாச்சியை இழுத்தார், எதையோ பார்த்தார், தள்ளி மூடினார். வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். “புள்ள சுகமா இரிக்கி. இடம் சொல்லேலா. உசிரோட இரிக்கிறா எண்டு தாய்க்குச் சொல்லுங்க, அவ்வளவுதான்” என்றார், சொல்லிவிட்டு எழும்பி யன்னலைச் சாத்தப் போனார். காலையில் இல்லை என்று சொன்ன பிள்ளை. எஸ்கில் கொப்பியில் பேனையை வைத்துக்கொண்டு ஜெசிந்தாவைப் பார்த்தார். அவள் அதைச் சொல்ல வாயைத் திறந்தாள், முதல் சொல்லுக்கு ஆங்கிலம் வரவில்லை, இன்னொரு முறை திறந்தாள்.